வளர்ந்தோர் அடிப்படைக் கல்வியில் தேர்ச்சி மட்டம், கணிப்பீடு என்றால் என்ன? எப்படித் தெரிவு செய்வது?

படிப்பவர் ஒரு கட்டத்தில் எதைத் தானாகச் செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைப்பது தேர்ச்சி மட்டம். அதைச் செய்கிறாரா என்று பார்ப்பது கணிப்பீடு. இவ்வளவுதான்.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், பலர் தரம் 3 பாடப்புத்தகத்தை அப்படியே எடுத்து வளர்ந்தவர்களுக்கும் வைத்துவிடுகிறார்கள். கொட்டாஞ்சேனையில் கடை நடத்தும் ஓர் அம்மா மனக்கணக்கில் கெட்டிக்காரியாக இருப்பார், ஆனால் மின்சார பில்லை வாசிக்கத் தெரியாது. அவரை ஒரே தரத்துக்குள் அடைக்க முடியாது, அதனால் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றுக்கும் தனித்தனி மட்டம் வையுங்கள். அன்றாட வாழ்க்கை பற்றிய எளிய, சிறிய கூற்றொன்றை விளங்கி வாசிக்கவும் எழுதவும் கூடியவரே எழுத்தறிவுள்ளவர் என்று யுனெஸ்கோ 1958இலேயே சொல்லிவிட்டது. அதாவது அளவுகோல் வாழ்க்கையில் இருக்கிறது, பாடப்புத்தகத்தில் இல்லை.

கணிப்பீடும் அப்படித்தான். லைசன்ஸ் எடுக்க எழுத்துப் பரீட்சை மட்டும் போதாது, ட்ரயலில் ஓட்டியும் காட்ட வேண்டுமே! அதேபோல வங்கிப் படிவத்தை நிரப்பச் சொல்லுங்கள், மருந்துப் பையில் எழுதியிருப்பதை வாசிக்கச் சொல்லுங்கள். அப்புறம் முதல் நாளே அவருக்கு என்ன தேவை என்று கேளுங்கள், பிள்ளையின் பாடசாலைக் கடிதத்தை வாசிப்பதா, வேலைக்கு விண்ணப்பிப்பதா என்று. அவர் எழுதியவற்றைத் திகதியோடு ஒரு கோப்பில் சேர்த்துவந்தால் முன்னேற்றம் அவருக்கே தெரியும்.

பரீட்சை மண்டபமும் புள்ளியும் இல்லையென்றால் தரம் குறைந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். எதைச் சரியென்று ஏற்போம் என முதலிலேயே தெளிவாக எழுதிவைத்தால் படிவம் நிரப்புவதையும் பரீட்சைத்தாள் அளவுக்குக் கண்டிப்பாகக் கணிக்கலாம்.