ஆன்டிபயாடிக் கழிவுநீரும் ஃபென்டனும்: கேள்வி பதில்

(நாயுடுபேட்டை, தடா, கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஈ.டி.பி. (தொழிற்சாலைக் கழிவுநீர் சுத்திகரிப்பு) பார்ப்பவர்கள் கேட்டவை. ஃபென்டன் என்பது இரும்பையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் சேர்த்து, அதில் பிறக்கும் ரேடிக்கலால் மருந்தை உடைக்கும் முறை.)

தடா: சார், சிப்ரோஃப்ளாக்சசின் தண்ணி, சி.ஓ.டி. (கரிமக் கழிவை ஆக்சிஜனேற்றத் தேவையான ஆக்சிஜன்) லிட்டருக்கு 2,000 மி.கி. ஒரு கிலோலிட்டருக்கு பெராக்சைடு எவ்வளவு?

1 கிலோ சி.ஓ.டி.க்கு 2.125 கிலோ சுத்த பெராக்சைடு என்பது ஏட்டுக் கணக்கு. உங்களுக்கு 4.25 கிலோ, 50% சரக்கானால் 8.5 கிலோ. டிரம்மில் 30 போட்டிருக்கா, 50ஆ என்று முதலில் பாருங்கள். இரும்பு, பெராக்சைடில் பத்தில் ஒரு பங்கு: ஃபெரஸ் சல்பேட்டாக 2.1 கிலோ. ஜார் டெஸ்ட்டில் (சிறு ஜாடிகளில் செய்யும் சோதனை) கால், அரை, முழு அளவு போட்டுப் பார்த்துக் குறைக்கலாம்.

வரிசை முக்கியம். கந்தக அமிலம் விட்டு பி.எச். 3, காற்றடித்து கார்பனேட்டை விரட்டுங்கள், அது ரேடிக்கலைத் தின்னும். அடுத்து ஃபெரஸ் சல்பேட். கடைசியில் பெராக்சைடு, ஒரு மணி நேரம் மெதுவாக. பெராக்சைடைக் கொட்டிவிட்டு இரும்பைப் போட்டால் நுரை தொட்டியைத் தாண்டும். 40 டிகிரிக்கு மேல் போனால் பெராக்சைடு வேலை செய்யாமல் ஆக்சிஜனாகவே போய்விடும். இரண்டு மணி நேரம் கழித்து காஸ்டிக் (காரம்) விட்டு பி.எச். 8.

சூளூர்பேட்டை: ஃபென்டன் முடிஞ்சும் சி.ஓ.டி. இறங்கவே இல்லையே?

மிச்ச பெராக்சைடு. லிட்டருக்கு 1 மி.கி. இருந்தால் சுமார் 0.47 மி.கி. பொய் சி.ஓ.டி. காட்டும். பெராக்சைடு ஸ்ட்ரிப் (நிறம் மாறும் சோதனைத் தாள்) வைத்துப் பார்த்த பிறகே சாம்பிள் எடுங்கள். மிச்சத்தைப் போக்க பைசல்ஃபைட்டை அள்ளிப் போட்டால் அதுவும் சி.ஓ.டி.தான்.

கும்மிடிப்பூண்டி: கிளாரிஃபையர்ல (தெளியவைக்கும் தொட்டி) ஸ்லட்ஜ் (கசடு) மிதக்குது.

மிச்ச பெராக்சைடு. ஆக்சிஜன் குமிழி தூக்குகிறது. ஸ்ட்ரிப்.

தடா: அமாக்சிசிலினுக்கும் இதே டோஸா?

வேண்டாம். அதன் பீட்டா லாக்டம் வளையம் காரத்திலேயே உடையும். பி.எச். 11–12இல் நிறுத்திவைத்துப் பாருங்கள். பெராக்சைடை சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஃப்ளூரோகுவினோலோனுக்கு மிச்சம் பிடியுங்கள்.

நாயுடுபேட்டை: நாங்க இசட்.எல்.டி. சார். சொட்டுத் தண்ணி வெளியே போகாது. ஃபென்டன் எதுக்கு?

ஆர்.ஓ. சவ்வு மருந்தை அழிப்பதில்லை, ரிஜெக்டில் (அது ஒதுக்கும் செறிந்த நீர்) சேர்த்துவைக்கிறது. அது எம்.இ.இ. (ஆவியாக்கி) வழியாக உப்புக்குப் போகும். சிப்ரோஃப்ளாக்சசின் அந்தச் சூட்டைத் தாங்கும்.

நாயுடுபேட்டை: உப்பு டி.எஸ்.டி.எஃப்.க்குத்தானே (அபாயக் கழிவுக் கிடங்கு) போகுது?

உப்பு போகிறது. அதற்கு முன்னால் இருக்கும் பயாலஜிக்கல் தொட்டி? மருந்தோடு மாதக்கணக்கில் ஊறுகிற பாக்டீரியாவில் தாங்குவது மட்டும் பிழைக்கும். அந்த ஸ்லட்ஜ் எங்கே போகிறது?

கும்மிடிப்பூண்டி: அப்ப ரிஜெக்டுக்கு ஃபென்டன் போடலாமே, அளவும் கம்மி.

அங்கே குளோரைடு குவிந்திருக்கும். ரேடிக்கலைப் பிடுங்கிக்கொண்டு குளோரின் சேர்ந்த கரிமங்களை உண்டாக்கும். மதர் லிக்கரை (மருந்தைப் படிகமாக்கிய பின் மிஞ்சும் திரவம்) தனிக் குழாயில் பிரித்து அங்கேயே ஃபென்டன் போடுங்கள். ஈக்வலைசேஷன் தொட்டியில் மற்றக் கழிவுநீரோடு கலந்துவிட்டால் கரைப்பானின் சி.ஓ.டி.க்கும் சேர்த்துப் பெராக்சைடு வாங்கவேண்டும்.

நாயுடுபேட்டை: மாசுக் கட்டுப்பாட்டு போர்டு ஆன்டிபயாடிக் அளவைக் கேட்கறதே இல்லையே.

2020 ஜனவரி வரைவு அறிவிக்கையில் வரம்பு இருந்தது, 2021இல் வந்த இறுதி விதியில் இல்லை. அதனால் மருந்து கரைந்துபோய்விடுமா? 2007இல் ஹைதராபாத் அருகே படான்செருவு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில் லிட்டருக்கு 31 மி.கி. வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்தது வெளியானது. இங்கே காளங்கி ஆறு போய்ச் சேர்வது பழவேற்காடு ஏரியில்.

தடா: யு.வி. போடலாமா?

கலங்கிய தண்ணிக்கு வேண்டாம்.

சூளூர்பேட்டை: சி.ஓ.டி. 70% இறங்கிடுச்சு. மருந்து போயிடுச்சுன்னு எடுத்துக்கலாமா?

கூடாது. சிப்ரோஃப்ளாக்சசினில் பைபரசின் வளையம் முதலில் உடையும். குவினோலோன் கரு நின்றால் வீரியமும் கொஞ்சம் நிற்கும். அகார் (பாக்டீரியா வளர்க்கும் கூழ்) தட்டில் ஈ.கோலை பரப்பி, குழியில் உங்கள் தண்ணியை விடுங்கள். மறுநாள் குழியைச் சுற்றிலும் பாக்டீரியா வளராத வட்டம் தெரிந்தால் மருந்து இருக்கிறது. விடுவதற்கு முன் பெராக்சைடு ஸ்ட்ரிப் பாருங்கள். அதுவும் வட்டம் போடும்.