பழைய லேப்டாப்புக்கு எந்த டிஸ்க் சேரும்? கேளுங்க சொல்றேன்

மதுரைல லேப்டாப் சர்வீஸ்தான் நமக்குப் பொழப்பு. ஒரே கண்டிஷன், கேக்குறதுக்கு முன்னாடி பின்பக்கம் ஸ்க்ரூவ கழட்டி உள்ள இருக்கற டிஸ்க்க ஒரு தடவ கண்ணால பாத்துட்டு வாங்க.

திருமங்கலம் தம்பி: அண்ணே, டெல் இன்ஸ்பைரான் 1525. டிஸ்க் டக் டக்னு சத்தம் போடுது. எது சேரும்?

மொதல்ல ஆஃப் பண்ணு தம்பி. சத்தம் போடுற டிஸ்க்க ஓட்டி ஓட்டிப் பாத்தா ஹெட்டு (டேட்டாவ படிக்கற முள்ளு) பிளேட்ட உரசிரும், அப்பறம் ரெக்கவரிக்காரன்கூட கைய விரிச்சுருவான். வேணுங்கற ஃபைல மட்டும் மொத வேலையா வெளிய எடு. அதுல இருக்கறது 2.5 இன்ச் சாட்டா (டிஸ்க்க போர்டோட இணைக்கற ஒரு வகை), அதனால இப்ப கடைல விக்கிற 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி (சுத்தற பாகம் இல்லாத சிப் டிஸ்க்) எதுவும் மாட்டும். டப்பால வேகம் 6 ஜிபிபிஎஸ்னு போட்டிருப்பான், உன் போர்டு அதுல பாதியோ காவாசியோதான் ஓடும், ஆனா தானா எறங்கி ஓடிக்கும், அதுக்கே பழசுக்கும் புதுசுக்கும் வித்தியாசம் நல்லாவே தெரியும். பழைய ஸ்லாட்டு 9.5 எம்எம், எஸ்எஸ்டி 7 எம்எம், ஆடாம இருக்க பிளாஸ்டிக் ஃப்ரேம் ஒண்ணு கேட்டு வாங்கிக்க. புதுசா விண்டோஸ் போடறதுக்கு முன்னாடி பயாஸ்ல (விண்டோஸுக்கு முன்னாடி வர்ற செட்டிங்ஸ்) ஏஹெச்சிஐ (சாட்டா டிஸ்க் ஓடற ஒரு முறை) இருக்கான்னு பாரு. பழைய விண்டோஸையே க்ளோன் (அப்படியே காப்பி) பண்றதா இருந்தா அந்த செட்டிங்ல கை வைக்காத, ப்ளூ ஸ்க்ரீன்ல நின்னுரும்.

உசிலம்பட்டில இருந்து: கவர்மெண்ட்டு குடுத்த லேப்டாப்ல 1 டிபி போடலாமாண்ணே?

போடலாம். பழைய பயாஸ்ல பூட் பண்ற டிஸ்க்குக்கு 2 டிபிதான் எல்லை, நீ அதுக்குள்ளதான் இருக்க. ஹார்டு டிஸ்க்கே வாங்குனா தடிமன அளந்துக்க, 7 எம்எம் எடத்துல 9.5 போகாது.

ஒருத்தர்: எம்.2 எஸ்எஸ்டி (குச்சி மாதிரி இருக்கறது) வாங்கிட்டேன், உள்ள ஸ்லாட்டே இல்ல.

கழட்டிப் பாத்துட்டு வாங்கச் சொன்னேனா இல்லையா? திருப்பிக் குடுத்துருங்க. அது என்விஎம்இயா (சாட்டா இல்லாத வேற வகை) இருந்தா சாட்டா அடாப்டர்ல போட்டாலும் ஓடாது.

இன்னொருத்தர்: என்னோடதுல ரெண்டு வரிசை ஊசியா இருக்கு.

அது ஐடிஇ, சாட்டாவுக்கு முந்துன பழைய வகை, 44 பின். எம்சாட்டாவ (சின்ன கார்டு மாதிரி எஸ்எஸ்டி) ஐடிஇயா மாத்துற அடாப்டர் வருது, ஆனா ரொம்பப் பழைய பயாஸா இருந்தா 137 ஜிபிக்கு மேல தெரியாது, சின்னதாவே போடுங்க.

மேலூர் ஸ்டுடியோ அண்ணன்: எஸ்எஸ்டி எஸ்எஸ்டிங்கறீங்க, போச்சுன்னா மொத்தமா போச்சு. கல்யாண ஆல்பமெல்லாம் நான் ஹார்டு டிஸ்க்லதான் வச்சிருக்கேன்.

பாதி ஒத்துக்கறேண்ணே. தெரியாம டெலீட் பண்ணிட்டா, ஹார்டு டிஸ்க்ல அதுமேல வேற எழுதற வரைக்கும் டேட்டா இருக்கும். எஸ்எஸ்டில ட்ரிம் (டெலீட் பண்ண எடத்த காலி பண்ற வேல) வந்து துடைச்சுட்டுப் போயிரும். கரண்டே குடுக்காம வருஷக்கணக்கா பீரோல வைக்கவும் எஸ்எஸ்டி தோதுப்படாது. ஆனா ஓடிட்டிருக்கற லேப்டாப்ப மடியில வச்சுக்கிட்டு மேலூர் பஸ்ல வந்தீங்கன்னா குலுங்குற குலுக்கல்ல ஹெட்டு என்னாகும்?

சிம்மக்கல் தம்பி நடுவுல: இப்ப வர்ற சின்ன ஹார்டு டிஸ்க் நெறைய எஸ்எம்ஆர்ண்ணே (டிராக்க ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கி எழுதறது), எழுதறப்ப நத்த மாதிரி நகரும்.

ஸ்டுடியோ அண்ணன்: எழுதறது ஒரு தடவைதான தம்பி, அப்பறம் சும்மாதான கெடக்கப் போகுது!

ரெண்டு பேரும் சரிதாம்ப்பா. லேப்டாப்புக்குள்ள எஸ்எஸ்டி, ஆல்பத்துக்கு வெளிய ரெண்டு ஹார்டு டிஸ்க். ரெண்டையும் ஒரே பீரோல வைக்காதீங்கண்ணே, ஒண்ணு வீட்ல இருக்கட்டும்.

அடுத்தவர்: ஆன்லைன்ல 16 டிபி எஸ்எஸ்டி ரெண்டாயிரம் ரூபாய்க்குப் போட்டிருக்கான், வாங்கலாமா?

டுபாக்கூர். உள்ள மெமரி கார்டு இருக்கும், 16 டிபின்னு பொய்யா காட்டும், நெரம்ப நெரம்ப பழசு மேலயே எழுதும்.

இன்னொருத்தர்: யூஎஸ்பி ஹார்டு டிஸ்க்க ஒடச்சு உள்ளருக்கறத லேப்டாப்ல மாட்டலாமா?

நெறைய மாடல்ல யூஎஸ்பி போர்டுலயே ஒட்டியிருக்கும், சாட்டா வாயே இருக்காது. ஒடைக்காதீங்க.

ஒரு அக்கா: என் லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி சேருமா?

மாடல் சொல்லாம எப்படிக்கா சொல்றது? கழட்டிப் பாருங்க.

அவனியாபுரத்துல இருந்து: அண்ணே, எனக்கும் எஸ்எஸ்டி சேருமா?

மேல படி ராசா.

கடைசியா ஒருத்தர்: டிஸ்க்க மாத்துனா விண்டோஸ் லைசென்ஸ் போயிருமா?

போகாது. விண்டோஸ் 10 லைசென்ஸ் மதர்போர்டோட ஒட்டுனது, அதே எடிஷனப் போட்டு நெட்ட குடுத்தா தானா ஆக்டிவேட் ஆயிரும். விண்டோஸ் 7ன்னா அடியில ஸ்டிக்கர்ல கீ இருக்கும், அழிஞ்சு போறதுக்குள்ள போட்டோ எடுத்து வச்சுக்கங்க. 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சாதாரண அப்டேட் நின்னுருச்சு, பேங்க் வேலையெல்லாம் பாக்கறதா இருந்தா விண்டோஸுக்குப் பதிலா இலவசமா கெடைக்கற லினக்ஸ் மிண்ட் போட்டுப் பாருங்க, அந்த எஸ்எஸ்டிலயே நல்லா ஓடும்.