ரோசா பார்க்ஸுக்குக் கால் வலியா? அமெரிக்கப் போராட்டக் காலம் பற்றிக் கேள்வி பதில்

1955-லிருந்து 1970 வரை அமெரிக்காவில் நடந்த மக்கள் போராட்டங்களைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். இந்தப் பாடத்தைப் பல வருடம் கல்லூரியில் எடுத்தவள் நான், பிடித்த விஷயமும்கூட, அதனால் சில பதில்கள் நீண்டுவிட்டன. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, ரோசா பார்க்ஸ் ஒரு வயதான தையல்கார அம்மா, அன்றைக்கு வேலை முடிந்து கால் வலியோடு வந்ததால்தான் பஸ்ஸில் வெள்ளைக்காரருக்காக எழுந்திருக்கவில்லை என்று படித்தேன். சரிதானா?

தையல் வேலை பார்த்தது மட்டும் சரி. வயது 42. கால் வலிக் கதையை அவரே பின்னாளில் மறுத்தார், விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து அலுத்துப்போனதுதான் தன் அலுப்பு என்று சொன்னார். அவர் ஒன்றும் தெரியாத அப்பாவியும் இல்லை. என்.ஏ.ஏ.சி.பி. என்ற கறுப்பின மக்கள் உரிமைச் சங்கத்துக்கு, அவர் இருந்த அலபாமா மாநிலத்து மான்ட்கோமரி ஊரில் இருந்த கிளையில் 1943-லேயே செயலாளர் ஆனவர். 1955 கோடையில் டென்னசியில் இருந்த ஹைலேண்டர் பள்ளிக்குப் போய், போராட்டம் நடத்துவது பற்றிய வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வந்தவர்.

இன்னொரு தப்பும் எல்லோர் மனதிலும் இருக்கிறது. அவர் வெள்ளையருக்கு ஒதுக்கிய இடத்தில் உட்காரவில்லை. அந்த பஸ்ஸில் 36 இருக்கை. முன்னால் 10 வெள்ளையருக்கு, அவை காலியாகக் கிடந்தாலும் கறுப்பினத்தவர் உட்காரக் கூடாது. நடுவில் இருப்பவற்றில் உட்காரலாம், ஆனால் வெள்ளையர் வந்தால் எழுந்துவிட வேண்டும், அதுவும் வரிசையோடு. 1955 டிசம்பர் 1 சாயங்காலம் இடமில்லாமல் நின்றது ஒரே ஒரு வெள்ளைக்காரர். அந்த ஒருவருக்காக டிரைவர் நான்கு பேரை எழுந்திருக்கச் சொன்னார், ஏனென்றால் ஒரே வரிசையில் இரு நிறத்தவரும் உட்காரக் கூடாது. மூன்று பேர் எழுந்தார்கள், பார்க்ஸ் எழவில்லை.

ஆனால் எனக்கு அந்தச் சாயங்காலத்தைவிட அன்று ராத்திரிதான் முக்கியமாகப் படுகிறது. ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை, பெண்கள் அரசியல் கழகம் என்ற அமைப்பின் தலைவி. 1949-ல் ஏறக்குறைய காலியாக இருந்த பஸ்ஸில் ‘தப்பான’ இடத்தில் உட்கார்ந்ததற்காக டிரைவர் கத்தியதில் அழுதுகொண்டே இறங்கி ஓடியவர். அந்த அவமானத்தை அவர் மறக்கவே இல்லை. 1954 மே மாதமே மேயருக்குக் கடிதம் எழுதி, நடத்தை மாறாவிட்டால் பஸ்ஸைப் புறக்கணிக்கும் பேச்சு ஊரில் இருக்கிறது என்று எச்சரித்திருந்தார். பார்க்ஸ் கைதான செய்தி வந்ததும், நடுராத்திரியில் கல்லூரிக்குப் போனார். கூட ஒரு சக ஆசிரியரும் இரண்டு மாணவர்களும். அங்கே இருந்த மிமியோகிராஃப், அதாவது நம் பக்கம் சைக்ளோஸ்டைல் என்போமே அந்த மிஷின், அதில் விடிய விடிய ஓட்டினார்கள். காகிதத்தை மிச்சம் பிடிக்க பஸ்ஸைப் புறக்கணிக்கச் சொல்லும் வாசகத்தை ஒரே தாளில் மூன்று முறை வைத்து, அப்புறம் மூன்றாக வெட்டிக் கட்டினார்கள். பல்லாயிரம் துண்டுப் பிரசுரம். காலை எட்டு மணி வகுப்பையும் விடாமல் எடுத்துவிட்டு, காரில் ஏறிப் பள்ளிக்கூடம், கடை, பியூட்டி பார்லர் என்று கட்டுக்கட்டாகக் கொடுத்துவிட்டு வந்தார். மார்ட்டின் லூதர் கிங்குக்கு அப்போது 26 வயது, ஊருக்கு வந்து ஒரு வருடம் சொச்சம்தான் ஆகியிருந்தது. அந்தப் புறக்கணிப்புக்கு அவர் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டது அதற்கு அடுத்த திங்கட்கிழமை.

381 நாள் பஸ் ஏறாமல் எப்படி வேலைக்குப் போனார்கள்? எல்லோரும் ஏழைகள்தானே?

நிறையப் பேர் நடந்தார்கள். முதலில் கறுப்பின டாக்ஸிக்காரர்கள் பஸ் கட்டணமான 10 சென்டுக்கே ஏற்றினார்கள். நகராட்சி உடனே குறைந்தபட்சக் கட்டணம் 45 சென்ட் என்ற பழைய விதியைக் காட்டித் தடுத்தது. லூசியானாவின் பேட்டன் ரூஜில் 1953-ல் நடந்த சிறிய பஸ் புறக்கணிப்பில் சொந்தக் கார்களைப் பகிர்ந்து ஓட்டிய அனுபவம் இருந்தது, அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு இங்கேயும் செய்தார்கள். ஏறத்தாழ 300 கார், ஏறும் இடம், இறங்கும் இடம், நேரம், எல்லாவற்றுக்கும் கணக்கு. சர்ச்சுகள் பெரிய கார்களை வாங்கி விட்டன. உள்ளூர் இன்சூரன்ஸை ரத்து செய்து முடக்கப் பார்த்தபோது லண்டன் லாய்ட்ஸில் இன்சூரன்ஸ் எடுத்தார்கள்.

பணம் எங்கிருந்து என்றால், வெளியூர் நன்கொடை ஒரு பக்கம், சமையலறை இன்னொரு பக்கம். ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரர், கிங் மேல் நடந்த வழக்கில் பஸ் கம்பெனிக்கு எதிராகச் சாட்சி சொன்னவர், அதோடு பார்த்த வேலை போயிற்று. அவர் சில பெண்களைச் சேர்த்துக்கொண்டு பை, கேக், பொரித்த கோழி எல்லாம் செய்து விற்றுக் காசு சேர்த்தார். குழுவுக்கு வைத்த பெயர் ‘எங்கிருந்தும் வராத கிளப்’. ஏன் அந்தப் பெயர்? வாங்கியவர்களில் வெள்ளையரும் உண்டு, யார் கொடுத்த காசு என்று வெளியே தெரிந்தால் அந்தப் பெண்களுக்கு வேலை போகும். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், எங்கிருந்தும் வரவில்லை. வாராவாரம் கூட்டத்தில் அவர் எழுந்து தொகையைச் சொல்லும்போது சர்ச்சே அதிரும்.

கிளாடெட் கோல்வின் என்ற பெண்தான் முதலில் மறுத்தார், அவரை மறைத்துவிட்டார்கள் என்கிறார்களே?

ஆமாம், 1955 மார்ச் 2, பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பு. அப்போது அவருக்கு 15 வயது. அந்த வயதுப் பெண்ணை முன்னால் நிறுத்தத் தலைவர்கள் தயங்கினார்கள், சில மாதத்தில் அவர் கர்ப்பமானதும் அந்தத் தயக்கம் முடிவாகவே ஆகிவிட்டது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஆனால் முழுக்கதையையும் சொல்ல வேண்டும்: பஸ்ஸில் பிரித்து உட்கார வைக்கும் சட்டத்தை ஒழித்தது பார்க்ஸின் வழக்கு இல்லை. பிரவுடர் எதிர் கேய்ல் என்ற வழக்கு. அதில் வாதிகள் நான்கு பெண்கள், அவர்களில் ஒருவர் கோல்வின். 1956 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது, டிசம்பர் 20-ல் புறக்கணிப்பு முடிந்தது.

அடித்தால் திருப்பி அடிக்காமல் இருந்தது மனப்பக்குவமா, பயிற்சியா? காந்தியின் பங்கு நிஜமா, நாம் பெருமைக்குச் சொல்லிக்கொள்வதா?

நிஜம், அதற்கு ஆள் பெயரே சொல்லலாம். ஜேம்ஸ் லாசன். கொரியப் போருக்குப் போக மறுத்துச் சிறை சென்றவர், பிறகு மெதடிஸ்ட் சபை சார்பில் நாக்பூருக்கு வந்து மூன்று வருடம் இருந்து, காந்தியின் முறையை ஊன்றிப் படித்தவர். 1957-ல் கிங்கைச் சந்தித்தபோது, படிப்பு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், இப்போதே தெற்கே வாருங்கள் என்று கிங் கேட்டுக்கொண்டார். லாசன் டென்னசியின் நாஷ்வில்லுக்குப் போனார்.

அங்கே ஒரு சர்ச்சின் அடித்தளத்தில் வாராவாரம் பயிற்சி. நாற்காலிகளை வரிசையாகப் போட்டு இதுதான் கறுப்பினத்தவருக்குப் பரிமாறாத கடையின் சாப்பாட்டுக் கவுன்டர் என்று வைத்துக்கொள்வார்கள். பாதிப் பேர் போராட்டக்காரர், மீதிப் பேர் ரவுடிகள். கூடப் படிக்கும் பையனே உங்கள் காதருகில் வந்து கேட்கக் கூசும் வசவைச் சொல்வான், முகத்தில் சிகரெட் புகை விடுவான், நாற்காலியோடு இழுத்துத் தள்ளுவான். விழும்போது தலையை எப்படி மறைப்பது, ஒருவரை மட்டும் போட்டு அடித்தால் மற்றவர்கள் எப்படி நடுவில் விழுந்து அடியைப் பங்கு போட்டுக்கொள்வது, எல்லாம் ஒத்திகை. என்னால் பொறுக்க முடியாது என்றவர்களுக்கு வேறு வேலை கொடுத்தார்கள்.

1960 பிப்ரவரி 1-ல் வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் நான்கு கல்லூரி மாணவர்கள் உல்வொர்த் கடைக் கவுன்டரில் போய் உட்கார்ந்து காபி கேட்டார்கள், கிடைக்கவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. அந்தச் செய்தி வந்தபோது நாஷ்வில் மாணவர்கள் தயாராக இருந்தார்கள். பிப்ரவரி 27-ல் அடி விழுந்தது, அடித்தவர்களை விட்டுவிட்டு உட்கார்ந்தவர்களைப் போலீஸ் கைது செய்தது. ஒரு வரிசையைக் கூட்டிப்போனால் அடுத்த வரிசை வந்து உட்கார்ந்தது. ஏப்ரல் 19 விடிகாலை அவர்களுடைய வக்கீல் வீட்டில் குண்டு வெடித்தது. அன்றே ஆயிரக்கணக்கானோர் ஒரு வார்த்தை பேசாமல் நகராட்சிக்கு நடந்து போனார்கள். அங்கே டயான் நாஷ், 21 வயது மாணவி, மேயரை நேருக்கு நேராகக் கேட்டார்: நிறத்தை வைத்து ஒருவரை ஒதுக்குவது சரி என்று நினைக்கிறீர்களா? மேயர் பென் வெஸ்ட், சரியில்லை என்று ஒப்புக்கொண்டார். மே 10-ல் கவுன்டர்கள் கறுப்பினத்தவருக்கும் திறந்தன. இந்தக் கட்டத்தை வகுப்பில் சொல்லும்போது எத்தனையாவது தடவையானாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

கிங் தமிழ்நாட்டுக்கு வந்திருக்கிறாரா?

1959-ல் மனைவி கொரெட்டாவோடு இந்தியாவில் ஒரு மாதம் சுற்றினார், கன்னியாகுமரியில் சூரியன் மறைவதைப் பார்த்ததைப் பின்னாளில் நினைவுகூர்ந்தார். திருவனந்தபுரத்தில் தலித் மாணவர்கள் படித்த பள்ளியில் அவரை, அமெரிக்காவில் இருந்து வந்திருக்கும் சக தீண்டத்தகாதவர் என்று தலைமையாசிரியர் அறிமுகப்படுத்தினாராம். முதலில் சுருக்கென்றது, யோசித்தபோது உண்மைதான் என்று பட்டது என்று 1965-ல் ஒரு பிரசங்கத்தில் சொன்னார்.

கறுப்பினத்தவருக்கு 1870-லேயே ஓட்டுரிமை வந்துவிட்டதே, பிறகு 1965-ல் சட்டம் எதற்கு?

காகிதத்தில் இருந்தது, பதிவு அலுவலகத்தில் இல்லை. மிசிசிப்பியில் வாக்காளராகப் பதிய வேண்டுமானால் மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவை எழுதி விளக்க வேண்டும். எந்தப் பிரிவு என்பதும் விளக்கம் சரியா என்பதும் எதிரே உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்கார அதிகாரியின் இஷ்டம். ஃபேனி லூ ஹேமர் பருத்திக் காட்டில் கூலி வேலை செய்தவர். 1962 ஆகஸ்ட் 31-ல் பதியப் போனார், தேறவில்லை. அன்று சாயங்காலமே, 18 வருடம் உழைத்த தோட்டத்தின் முதலாளி, பெயரைத் திரும்பப் பெறு, இல்லையென்றால் வெளியே போ என்றார். ஹேமர், உங்களுக்காக நான் பதியப் போகவில்லை, எனக்காகப் போனேன் என்று சொல்லிவிட்டு அன்றைக்கே கிளம்பிவிட்டார். அடுத்த வருடம் வினோனா என்ற ஊரில் சிறையில் வைத்து அடித்த அடியின் பாதிப்பு அவர் உடம்பில் கடைசி வரை இருந்தது. 1964 ஆகஸ்டில் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் டிவி கேமரா முன்னால் இதையெல்லாம் அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஜனாதிபதி ஜான்சன் அவசரமாக நிருபர்களைக் கூப்பிட்டு கேமராவைத் தன் பக்கம் திருப்பினார். பலன் இல்லை, அன்று ராத்திரியே அந்தப் பேச்சைச் செய்தியில் போட்டுவிட்டார்கள்.

அலபாமாவின் செல்மா பாலத்தில் 1965 மார்ச் 7-ல் ஓட்டுரிமை கேட்டு ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்ததும், ஆகஸ்ட் 6-ல் ஓட்டுரிமைச் சட்டம் கையெழுத்தானதும் எல்லோருக்கும் தெரிந்தது. சட்டம் என்ன செய்தது என்பதற்கு மிசிசிப்பியைப் பாருங்கள்: பதிந்த கறுப்பின வாக்காளர் சுமார் 7 சதவீதம், இரண்டே வருடத்தில் அது 60 சதவீதத்தை நெருங்கியது.

வாஷிங்டன் பேரணியில் கிங் பேசிய ‘கனவு’ உரை எழுதி வைக்கப்படாததா?

கனவுப் பகுதி எழுதிய பிரதியில் இல்லை, முன்பு வேறு ஊர்களில் அவர் பேசியதுதான். அந்தப் பேரணியின் பெயரே ‘வேலைக்கும் விடுதலைக்கும்’, இரண்டு டாலர் குறைந்தபட்சக் கூலி அதன் கோரிக்கைகளில் ஒன்று என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டரை லட்சம் பேருக்குக் கழிப்பறை, குடிதண்ணீர், ஒலிபெருக்கி என்று உட்கார்ந்து திட்டம் போட்டவர் பேயார்ட் ரஸ்டின். வெயிலில் கெட்டுப்போகாத சாப்பாடு எது என்பதுவரை யோசித்தார்கள். மேடையில் பெண்களுக்கு முக்கிய உரை ஒன்றுகூடத் தரவில்லை. மேலே சொன்னதையெல்லாம் படித்த பிறகு அது எவ்வளவு பெரிய அநியாயம் என்று உங்களுக்கே தெரியும்.

வியட்நாம் போர் எதிர்ப்பு, மாணவர் போராட்டம் எல்லாம் தனிக் கதையா?

இல்லை, அதே ஆட்கள், அதே வித்தை. 1964 கோடையில் ஓட்டுப் பதிவுக்காக மிசிசிப்பி போன சுமார் ஆயிரம் மாணவர்களில் மரியோ சாவியோவும் ஒருவர். திரும்பிவந்தால் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அரசியல் பிரசாரத்துக்கு மேஜை போடவே தடை. அக்டோபர் 1-ல் மேஜை போட்டிருந்த ஒருவரைப் போலீஸ் காரில் ஏற்ற, மாணவர்கள் காரைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். 32 மணி நேரம் கார் நகரவில்லை, கைதானவரும் உள்ளேதான். சாவியோ, காருக்குச் சேதம் வரக்கூடாது என்று ஷூவைக் கழற்றிவிட்டு அதன் கூரையில் ஏறிப் பேசினார். அடுத்த மார்ச்சில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்கள் ராத்திரி முழுக்க வியட்நாம் பற்றி வகுப்பு நடத்தினார்கள், அது நாடெங்கும் பரவியது.

திராட்சைத் தோட்டத் தொழிலாளர் போராட்டம் என்றால் சீசர் சாவேஸ்தானே?

தொடங்கியவர்கள் ஃபிலிப்பைன்ஸ் தொழிலாளர்கள், லேரி இட்லியாங் தலைமையில், கலிஃபோர்னியாவின் டெலானோவில், 1965 செப்டம்பர் 8. சாவேஸின் மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர் சங்கம் எட்டு நாள் கழித்து வாக்கெடுத்துச் சேர்ந்தது. ஒரு கூட்டம் வேலைநிறுத்தம் செய்தால் இன்னொரு கூட்டத்தை இறக்கி உடைப்பதுதான் முதலாளிகளின் வழக்கம், இருவரும் சேர்ந்ததால் அது நடக்கவில்லை. நாடு முழுக்க வீடுகளில் திராட்சை வாங்குவதை நிறுத்தினார்கள். 1970 ஜூலையில் ஒப்பந்தம் கையெழுத்தானது.

இவ்வளவும் செய்த அந்த மான்ட்கோமரி பெண்கள் பிறகு என்ன ஆனார்கள் அக்கா?

பார்க்ஸுக்குத் துணிக்கடை வேலை போயிற்று, அந்த ஊரில் வேறு வேலையும் கிடைக்கவில்லை, 1957-ல் டெட்ராய்ட்டுக்குப் போய்விட்டார். ஜோ ஆன் ராபின்சன் வீட்டு ஜன்னலில் கல் விழுந்தது. ஒரு ராத்திரி போலீஸ் உடுப்பில் வந்த இரண்டு பேர், வாசலில் நின்ற அவருடைய கார் மேல் ஆசிட் ஊற்றிவிட்டுப் போனார்கள். விடிந்து பார்த்தால் கூரை, பானெட் எல்லாம் ஓட்டை. அவர் காரை விற்கவில்லை. 1960-ல் கல்லூரி வேலையை விட்டு ஊரைவிட்டுப் போகும்வரை அந்த ஓட்டைக் காரைத்தான் ஓட்டினார்.