மகள் ஐ.நா. என்கிறாள், நீங்கள் பி.காம். என்கிறீர்கள்: அவிநாசி அப்பா ஒருவருக்குப் பதில்

வணக்கம் அண்ணா.

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருந்தன. ப்ளஸ் டூ முடித்த பாப்பா எந்நேரமும் காலநிலை மாற்றம், உலக ஒப்பந்தம், ஐ.நா. என்று பேசுகிறாள், இதைப் படித்தால் யாருங்க சம்பளம் கொடுப்பாங்க என்பது ஒன்று. பேசாமல் பி.காம். சேர்த்துவிட்டு நம்ம ஆயத்த ஆடை யூனிட் கணக்கைப் பார்க்கச் சொல்லலாமா என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு உடனே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். மனசு ஒரு பக்கம் இழுக்கும் பிள்ளையை மூன்று வருடம் வேறு பக்கம் உட்கார வைத்தால் இரண்டிலும் அரைகுறையாக நிற்கும். முதல் கேள்விக்குத்தான் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும்.

உங்கள் யூனிட்டில் இருந்தே ஆரம்பிக்கலாம். பையர் ஆடிட், அதாவது சரக்கு வாங்கும் கம்பெனியின் சோதனை, வருகிறது என்றால் என்னென்ன கேட்கிறார்கள்? வேலை செய்பவர்களின் வயதுச் சான்று, சம்பளப் பதிவேடு, ஓவர்டைம் கணக்கு, தீ விபத்து வந்தால் வெளியேறும் வழி. பையர் தன் இஷ்டத்துக்குக் கேட்பதாக நமக்குத் தோன்றும். அந்தக் கேள்விகள் பலவற்றுக்கு வேர், 1919-இல் தொடங்கிய சர்வதேச தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கைகள். குழந்தைத் தொழிலாளர் பற்றிய அதன் இரண்டு முக்கிய உடன்படிக்கைகளை இந்தியா 2017-இல் ஏற்றது. ஜெர்மனி 2023 ஜனவரியில் இருந்து, தன் பெரிய கம்பெனிகள் சரக்கு வாங்கும் இடத்தில் தொழிலாளர் உரிமை மீறப்படுகிறதா என்று கவனிக்க வேண்டும் எனச் சட்டமே போட்டிருக்கிறது. ஆக, திருப்பூரில் நாம் கம்ப்ளையன்ஸ் ஆபீசர் என்று கூப்பிடுகிற ஆள் செய்வது நாடுகள் சேர்ந்து எழுதிய விதியின் கடைசிக் கண்ணி வேலை. அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுப்பது நம்ம ஊர் எக்ஸ்போர்ட் கம்பெனிதான்.

நம்ம நொய்யல் ஆற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கி, கீழே இருந்த விவசாயிகளின் கிணறும் காடு தோட்டமும் கெட்டு, வழக்கு வருடக்கணக்கில் நடந்து, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது உங்களுக்கு நன்றாகவே நினைவிருக்கும். அப்புறம்தான் ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே விடாத முறை உறுதியாக வந்தது. தண்ணீரைத் திரும்ப எடுத்து, உப்பைப் பிரித்து, மீதியை ஆவியாக்க எவ்வளவு செலவாகிறது என்பது சாயக்கூலி கொடுக்கிற உங்களுக்கே தெரியும். அந்தச் செலவு நியாயமானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இன்னொரு நாட்டில் கழிவை அப்படியே ஆற்றில் விட்டுவிட்டு ஒரு பீஸுக்குச் சில ரூபாய் குறைத்துக் கொடுத்தால் ஆர்டர் அங்கே போகிறது. நல்லது செய்தவன் நஷ்டப்படக் கூடாது என்றால் எல்லாருக்கும் ஒரே விதி வேண்டும். அதை ஒரு நாடு தனியாகப் போட முடியாது. பாப்பா படிக்க ஆசைப்படுவது இந்தச் சிக்கலைத்தான்.

இது நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது. ஓசோன் படலத்தை ஓட்டையாக்கிய வாயுக்களை நிறுத்த 1987-இல் மாண்ட்ரியலில் ஒப்பந்தம் போட்டார்கள். இன்றைக்கு உலகத்தில் அதை ஏற்காத நாடே இல்லை. வளரும் நாடுகளுக்குக் கூடுதல் அவகாசம் தந்தார்கள். தொழிற்சாலைகள் இயந்திரத்தை மாற்றப் பணக்கார நாடுகள் ஒரு பொது நிதியில் காசு போட்டன. அதனால்தான் அது பலித்தது. 2015-இல் வந்த பாரிஸ் ஒப்பந்தம் அவ்வளவு இறுக்கமானதல்ல. ஒவ்வொரு நாடும் தன் இலக்கைத் தானே சொல்ல வேண்டும், தவறினால் தண்டனை கிடையாது. சொன்னதைச் செய்தார்களா என்று கணக்குப் பார்ப்பதுதான் அதில் இருக்கிற பிடி. அதனாலேயே கார்பனை அளப்பவர், அறிக்கை எழுதுபவர், சரிபார்ப்பவர் என்று ஒரு பெரிய வேலைக்களம் உருவாகியிருக்கிறது.

கோயம்புத்தூருக்கும் இது வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதி செய்யும் இரும்பு, எஃகு, அலுமினியம், சிமெண்ட் போன்றவற்றுக்கு, தயாரிக்கும்போது எவ்வளவு கார்பன் வெளியானது என்று 2023 அக்டோபரில் இருந்து கணக்குக் கேட்கிறது. 2026 ஜனவரியில் அதற்குக் காசு கட்டும் கட்டம் தொடங்கியது. எஃகு போல்ட், நட்டு வரைக்கும் பட்டியலில் உண்டு. அந்தக் கணக்கைப் போடத் தெரிந்த ஆளுக்கு இங்கேயே தேவை இருக்கிறது.

இப்போது படிப்பு. என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: முதல் டிகிரி ஒரு கைத்தொழில் மாதிரி இருக்க வேண்டும், சர்வதேச உறவுகள் அதன் மேல் வரட்டும். மாநாட்டில் பேச ஆள் நிறைய இருக்கிறார்கள், தண்ணீரையோ நூலையோ மண்ணையோ தெரிந்துகொண்டு பேசுகிறவர்கள் குறைவு. பாப்பா மேத்ஸ்-பயாலஜி குரூப் என்பதால் எல்லாக் கதவும் திறந்தே இருக்கிறது. பி.எஸ்.ஜி., குமரகுரு போன்ற கல்லூரிகளில் டெக்ஸ்டைல் டெக்னாலஜி இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் சிவில் எடுத்து, பிறகு சுற்றுச்சூழல் பொறியியலுக்குப் போகலாம். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் உங்களுக்கு ஒரு மணி நேர தூரத்தில் இருக்கிறது. கலைப் படிப்புதான் வேண்டும் என்று அவள் உறுதியாக நின்றால் பொருளாதாரம் எடுக்கட்டும், கூடவே புள்ளியியல் கட்டாயம். சட்டமும் நல்ல வழிதான். அதன் பிறகு முதுகலைக்கு டெல்லி ஜே.என்.யூ., புதுச்சேரி பல்கலைக்கழகம், சார்க் நாடுகள் சேர்ந்து டெல்லியில் நடத்தும் தெற்காசியப் பல்கலைக்கழகம் என்று போகலாம்.

முதல் வருடத்திலேயே பிரெஞ்சு ஆரம்பிக்கச் சொல்லுங்கள். ஐ.நா.வின் ஆறு அலுவல் மொழிகளில் நமக்கு ஆங்கிலம் ஒன்றுதான் கையில் இருக்கிறது.

டிகிரி முடிந்ததும் வெளிநாட்டுக்கு அனுப்ப அவசரப்படாதீர்கள். பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு வருட வேலை அனுபவம் கேட்கிறார்கள். ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD), வளர்ச்சி சார்ந்த முதுகலைப் படிப்புகளுக்குத் தரும் உதவித்தொகைக்கும் அப்படித்தான். திருப்பூர் கம்பெனியில் கம்ப்ளையன்ஸ் பார்த்த இரண்டு வருடம் அங்கே மதிப்பெண்ணாக மாறும். ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகை மட்டும் அனுபவம் இல்லாமலும் முயலக்கூடியது.

ஐ.நா. வேலையைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். இளம் அலுவலர் தேர்வுக்கு வயது 32-க்குள் இருக்க வேண்டும், எந்தெந்த நாட்டார் எழுதலாம் என்ற பட்டியல் வருடா வருடம் மாறும். ஐ.நா. தலைமைச் செயலகத்தில் இன்டர்ன்ஷிப்புக்குச் சம்பளம் கிடையாது, நியூயார்க், ஜெனீவா செலவு உங்கள் கையில் இருந்துதான். 2025-இல் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவி அமைப்பையே மூடியது, ஐ.நா.வும் செலவைக் குறைத்து வருகிறது. ஆகவே அதை ஒரு கதவாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். யு.பி.எஸ்.சி. மூலம் வெளியுறவுப் பணி, மாசுக்கட்டுப்பாட்டு வாரியம், ஆடிட் நிறுவனங்கள், ஏற்றுமதிக் கம்பெனிகளின் சுற்றுச்சூழல் பிரிவு என்று மற்ற கதவுகளும் உண்டு.

ஏனுங்கண்ணா, இன்னொன்று. ஐ.நா.வில் வேலை வாங்கித் தருகிறேன், பதிவுக்கட்டணம் கட்டுங்கள் என்று யாராவது வந்தால் அது மோசடி. ஆள் எடுப்பதில் எந்தக் கட்டத்திலும் ஐ.நா. பணம் வாங்குவதில்லை. மாணவர்கள் நாடுகளின் பிரதிநிதிகளாக நின்று விவாதிக்கும் ‘மாதிரி ஐ.நா.’ போட்டிகளில் காசு கட்டிச் சேர்வது மேடைக்கூச்சம் போக உதவும், அந்தச் சான்றிதழைப் பார்த்து யாரும் வேலை தரமாட்டார்கள்.

இனி பாப்பாவுக்கு. கண்ணு, உன் ஆர்வம் எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் உனக்குப் பிடித்திருப்பது வேலையா, மேடையா என்று நீ கண்டுபிடிக்க வேண்டும். திருப்பூரை ஒட்டிய நஞ்சராயன் குளம் 2024-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஈரநிலங்களுக்காக 1971-இல் ஈரானில் போட்ட ஒப்பந்தம் அது. மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரிக்கும் வரித்தலை வாத்து குளிர்காலத்தில் இந்தக் குளத்துக்கு வருகிறது, ஆக ஒரு நாடு மட்டும் காப்பாற்றி அதைப் பிழைக்க வைக்க முடியாது. அப்பாவோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார். குளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, என்ன கலக்கிறது, ஒப்பந்தம் நம் அரசிடம் என்ன கேட்கிறது, அதில் எது நடக்கிறது என்று விசாரித்து இரண்டு பக்கம் தமிழில் எழுது. அடுத்து, அப்பாவுக்கு ஆர்டர் தரும் கம்பெனியின் கம்ப்ளையன்ஸ் ஆபீசரோடு ஒரு நாள் உட்கார்ந்து ஃபைல்களைப் பார். சலிப்பு தட்டினால் தயங்காமல் சொல், வேறு வழி பார்க்கலாம்.

எழுதியதை எனக்கு அனுப்பி வையுங்கள் அண்ணா. அதைப் பார்த்துவிட்டுக் கல்லூரி வரிசையைச் சேர்ந்தே போடலாம். அதற்குள் கலந்தாய்வு விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி வந்தால், பொறியியல், வேளாண்மை இரண்டுக்கும் விண்ணப்பத்தைப் போட்டு வைத்துவிடுங்கள்.