காலில் வாருடன் வரும் கழுகு: பள்ளிக்கு அழைக்கலாமா?

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. பறவை மீட்பு மையம் ஒன்று அடுத்த மாதம் ஒரு கழுகையும் ஒரு கூகையையும் எங்கள் மாணவர்களுக்குக் காட்ட இருக்கிறது. பறவைகளின் காலில் தோல் வார் கட்டியிருக்குமாம். இது வதை இல்லையா? பிள்ளைகள் தொட்டுப் பார்க்கவும் ஆசைப்படுகிறார்கள். சம்மதிக்கலாமா?

பதில்: சம்மதிக்கலாம். அதற்கு முன் மையத்தாரிடம் ஒன்று கேட்டுவிடுங்கள்: “இந்தப் பறவையை ஏன் காட்டில் விட முடியவில்லை?” ஒவ்வொரு பறவைக்கும் தனித்தனியாகக் காரணம் சொல்லத் தெரியாதவர்களை அழைக்காதீர்கள். பெரும்பாலான நாடுகளில் இப்பறவைகளை வைத்திருக்க அரசு அனுமதி வேண்டும், அதையும் கேளுங்கள்.

சிறகு மூட்டருகே முறிந்திருந்தால், எலும்பு கூடினாலும் பெரும்பாலும் சிறகு பழையபடி விரியாது. பாய்ந்து இரை பிடித்து வாழும் பறவை அரைகுறையாகப் பறந்தால் பட்டினிதான். குஞ்சிலேயே மனிதர் கையில் வளர்ந்த பறவையின் கதை வேறு. ஊட்டுபவரையே தன் இனமாக அது மனதில் பதித்துக்கொள்கிறது. பின்னாளில் அதை மாற்றுவது அநேகமாக இயலாது. காட்டில் விட்டாலும் இரை கேட்டு மனிதரிடமே வரும், இணையாகவும் மனிதரையே நாடும். இதைத் தவிர்க்கத்தான் பொறுப்பான மையங்களில் பறவைத் தலை வடிவக் கைப்பாவையை மாட்டிக்கொண்டு குஞ்சுகளுக்கு ஊட்டுகிறார்கள்.

பலர் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. காட்டுக்குத் திரும்ப முடியாது என்பதாலேயே ஒரு பறவை கூட்டத்தின் முன் நிற்கத் தகுதி பெற்றுவிடாது. காட்டிலேயே வளர்ந்து, பிறகு அடிபட்டு வந்த பறவைக்கு எந்த மனித முகமும் எதிரியின் முகம்தான். அதைப் பயிற்றுநரின் கையுறையில் அமர்த்தி 200 பிள்ளைகள் முன் நிறுத்துவதை என்னால் ஏற்க முடியாது. அமைதியான பெரிய கூண்டில், தாயற்ற குஞ்சுகளுக்கு வளர்ப்புத் தாயாக அது நன்றாக வாழும். மனிதரிடையே வளர்ந்து, பொறுமையாகப் பழக்கப்பட்ட பறவையே நிகழ்ச்சிக்கு ஏற்றது.

வாரைப் பற்றிக் கேட்டீர்கள். மிரண்டு கிளம்பும் பறவை கண்ணாடியிலோ மின்விசிறியிலோ மோதாமல் அது காக்கிறது. நிகழ்ச்சி நேரத்தில் அதில் தவறில்லை. நாள் முழுவதும் கட்டியே வைத்திருப்பதுதான் தவறு. ஆகவே கட்டின்றி உலவக் கூண்டு இருக்கிறதா என்று விசாரியுங்கள். முடிந்தால் பாதங்களைப் பாருங்கள். அடிப்பாதத்தில் வீக்கமோ கரிய பொருக்கோ இருந்தால், அமரும் கட்டை சரியில்லை அல்லது பறவை ஒரே இடத்தில் அதிக நேரம் நிற்கிறது. முற்றினால் உயிரையே எடுக்கும் நோய் அது. வால் இறகுகளின் நுனி முறிந்து கந்தலாக இருந்தால் கம்பியில் அடித்துக்கொண்டிருக்கக்கூடும்.

நிம்மதியாக இருக்கும் பறவை இறகுகளைச் சிலிர்த்து உதறும். ஒரு காலைத் தூக்கி வயிற்று இறகுக்குள் செருகிக்கொள்ளும். பயந்த பறவை இறகுகளை உடலோடு ஒட்டி ஒல்லியாகிவிடும், வாய் திறந்து மூச்சிரைக்கும், கையுறையிலிருந்து பாய்ந்து தலைகீழாகத் தொங்கும். ஒருமுறை பாய்ந்தால் பரவாயில்லை. திரும்பத் திரும்பப் பாய்ந்தால் உடனே அதைப் பெட்டிக்குள் வைத்துவிடும் பயிற்றுநரையே நம்புங்கள். கூகை விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை: அது கண்ணைச் சுருக்கி அசையாமல் நின்றால் சாதுவாக இருப்பதாக எண்ணிவிடுவோம். பல நேரங்களில் அது பயத்தில் உறைந்து நிற்கிறது.

தொட விடாதீர்கள். மேலே விழும் கை பறவைக்கு இன்னொரு விலங்கின் பிடி. உதிர்ந்த இறகுகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். கழுகின் சிறகிறகைக் காதருகே வீசினால் ‘விசுக்’ என்று கேட்கும். கூகையின் இறகு அநேகமாக ஓசையே எழுப்பாது. அதன் முன்விளிம்பில் சீப்புப் பல் போன்ற இழைகளும் மேற்பரப்பில் வெல்வெட் போன்ற மென்மையும் இருப்பதைப் பிள்ளைகள் விரலால் தடவியே அறியலாம். கூகை செரிக்காத எலும்பையும் முடியையும் உருண்டையாகக் கக்கும். சூடாக்கிக் கிருமி நீக்கிய கக்கல் உருண்டை கிடைத்தால் பிரிக்கச் சொல்லுங்கள். எலியின் மண்டை ஓடு முழுதாகவே கிடைக்கலாம். பிறகு கட்டாயம் கை கழுவ வேண்டும்.

எலி விஷம் தின்ற எலி வழியாகக் கூகை போன்ற ஆந்தைகளுக்கும் நஞ்சு சேர்வதைப் பேச்சாளர் சொல்லட்டும். கீழே கிடக்கும் குஞ்சைக் கண்டால் என்ன செய்வது என்பதையும் விளக்கச் சொல்லுங்கள். மனிதரையே தன் இனமாக எண்ணும் பறவைகளில் பல, இரக்கமுள்ள யாரோ வீட்டில் வளர்த்ததால் அப்படியானவை. பறக்கப் பழகும் குஞ்சு தரையில் இருப்பது இயல்பு. தாய் பெரும்பாலும் அருகில்தான் இருக்கும். காயம் தெரிந்தால் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில், இருட்டில் வைத்து, உணவோ தண்ணீரோ புகட்டாமல் மீட்பு மையத்தை அழைக்க வேண்டும்.