சரக்கு அடித்த ராத்திரி மாத்திரை போடலாமா? கூட்டு மருந்தும் போதையும்: வாசகர் கேள்விகள்

ஏ.ஆர்.டி. மையத்தில், அதாவது எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து தரும் இடத்தில், மாத்திரை வாங்க நிற்கும்போது கேட்கக் கூச்சப்படுகிற கேள்விகள்தான் கடிதமாக வருகின்றன. இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவை போதைப் பழக்கம் பற்றியவை. யாரையும் திட்டப்போவதில்லை. உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

வியாசர்பாடியில் இருக்கிறேன், வயது 42. தினமும் ராத்திரி ஒரு மாத்திரை. சனிக்கிழமை மட்டும் சரக்கு அடிப்பேன். இரண்டும் சேர்ந்தால் விஷம் என்று நண்பர் சொன்னதால் அன்றைக்கு மாத்திரை போடுவதில்லை. சரிதானே?

சரியில்லை. குடித்திருந்தாலும் மாத்திரையைப் போடுங்கள்.

உங்களுடையது டி.எல்.டி. மாத்திரையாகத்தான் இருக்கும். டெனோஃபோவிர் 300 மி.கி., லாமிவுடின் 300 மி.கி., டோலுடெக்ராவிர் 50 மி.கி., மூன்றும் ஒரே மாத்திரையில். மதுவோடு சேர்ந்து இவை விஷமாவதில்லை. ஆனால் சனிக்கிழமைதோறும் விட்டால் ஆண்டுக்கு 52 நாள் மருந்து இல்லாமல் போகிறது. கிருமிக்கு அது கொண்டாட்டம். உங்களுக்கு மஞ்சள் காமாலை பி கிருமியும் இருந்தால் இன்னும் ஆபத்து. டெனோஃபோவிரும் லாமிவுடினும்தான் அதையும் அடக்கி வைத்திருக்கின்றன. விட்டுவிட்டுப் போட்டால் கல்லீரல் அழற்சி சீறிக்கொண்டு வரும். நண்பர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் நான் பார்த்தவரை, போதையைவிட இந்த ஒரு நம்பிக்கை செய்த சேதம் அதிகம்.

ராத்திரி மறந்து தூங்கிவிடுவீர்கள் என்றால் மருத்துவரிடம் சொல்லி வேளையைக் காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அப்புறம், மறுநாள் காலையில் நெஞ்செரிச்சலுக்கு ஜெலுசில், டைஜீன் என்று எதையாவது போடுவீர்கள் இல்லையா? உண்மையான மோதல் அங்கேதான். அவற்றில் இருக்கும் மக்னீசியமும் அலுமினியமும் டோலுடெக்ராவிரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மருந்து ரத்தத்தில் சரியாகச் சேராது. அந்த அமில முறிவு மருந்துக்கு 2 மணி நேரம் முன்போ, 6 மணி நேரம் கழித்தோதான் கூட்டு மருந்தைப் போட வேண்டும். தலைவலிக்கு டைக்ளோஃபெனாக்கை அடிக்கடி போடாதீர்கள். டெனோஃபோவிரோடு சேர்ந்தால் சிறுநீரகம் தாங்காது.

குடிக்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குடி கல்லீரலைக் கெடுக்கும், அதில் மாற்றமில்லை. நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள். முடியாத நாளிலும் மாத்திரையை விடாதீர்கள்.

ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை. முதல் மருந்து வேலை செய்யாததால் அடாசனாவிர், ரிட்டோனாவிர் மாத்திரைக்கு மாற்றியிருக்கிறார்கள். எப்போதாவது பார்ட்டியில் எக்ஸ்டஸி என்ற போதை மாத்திரை எடுப்பேன். ஆபத்தா?

இந்தப் பதிலைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். உங்கள் நிலைமையும் மேலே உள்ளவர் நிலைமையும் வேறு.

ரிட்டோனாவிர் உங்கள் மாத்திரையில் இருப்பது கிருமியைக் கொல்ல அல்ல, அடாசனாவிரை உடம்பில் நீண்ட நேரம் நிறுத்திவைக்க. அதற்காகக் கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளை முடக்குகிறது. வெளியே போக வேண்டிய வேறு பல பொருட்களுக்கும் அதே கதவு அடைபட்டுவிடும். 1996-இல் பிரிட்டனில் ரிட்டோனாவிர் எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் எக்ஸ்டஸி எடுத்து இறந்தார். அவர் ரத்தத்தில் அது எதிர்பார்த்ததைவிட ஏறக்குறைய 10 மடங்கு இருந்தது. அன்று ரிட்டோனாவிரை அதிக அளவில் கொடுத்தார்கள், இன்று துணை மருந்தாகத் தருவது 100 மி.கி.தான். அதை நம்பி இறங்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன். போதை மாத்திரைக்குள் உண்மையில் என்ன, எவ்வளவு இருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது.

போதைக்கு எடுக்கும் கெட்டமைன், தூக்கத்துக்குப் போடும் அல்பிரசோலம், இரண்டும் ரிட்டோனாவிரோடு சேர்ந்தால் உடம்பில் நெடுநேரம் தங்கும், மூச்சு மந்தமாகும். வயாகரா வகை சில்டெனாஃபில் என்றால் 48 மணி நேரத்துக்கு 25 மி.கி.க்கு மேல் கூடாது. அதையும் மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள். உடன் இருப்பவர் எழுப்பியும் எழவில்லை, உடம்பு கொதிக்கிறது, மூச்சு தடுமாறுகிறது என்றால் யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடச் சொல்லி வையுங்கள்.

கஞ்சா?

டி.எல்.டி.யோடு பெரிய மோதல் இல்லை. பழைய எஃபாவிரென்ஸ் மாத்திரையில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு தகவல்: கஞ்சாவைத் தொடாமலே சில சிறுநீர்ப் பரிசோதனைகளில் கஞ்சா இருப்பதாகக் காட்டும். வேலைக்கான பரிசோதனையில் அப்படி வந்தால் பதறாமல் வேறு முறையில் உறுதி செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

என் மகனுக்கு 23 வயது. வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறான். போன மாதம் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். ஊசி விஷயத்தைச் சொன்னால் போலீஸ் வருமா, மருந்து தர மறுப்பார்களா?

அம்மா, மறுக்க மாட்டார்கள். போதைப் பழக்கம் கூட்டு மருந்தைத் தடுக்கும் காரணமல்ல. 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி உங்கள் மகன் சம்மதமில்லாமல் அவர் நிலையை வெளியே சொல்லக் கூடாது. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிய அளவோடு வழக்கில் சிக்கியவர் தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால் விலக்கு தருகிறது. சிகிச்சையை முழுதாக முடிக்க வேண்டும், அதுதான் நிபந்தனை.

சென்னையில் இப்படி ஏற்றுவது பெரும்பாலும் டபென்டடால் என்ற வலி மாத்திரை. அது டி.எல்.டி.யோடு பெரிதாக மோதாது. பயம் ஊசியில் இருக்கிறது. ஒரே ஊசியை நாலு பேர் பயன்படுத்தினால் மஞ்சள் காமாலை சி-யும் சேர்ந்து வரும். மாத்திரையின் மாவு கரையாமல் ரத்தக் குழாயை அடைத்துப் புண்ணாக்கும். ஊசிக்குப் பதிலாக நாக்குக்கு அடியில் வைக்கும் புப்ரநார்ஃபின் சிகிச்சை அரசுத் திட்டத்திலேயே இருக்கிறது. அதில் சேர்ந்தால் அதையும் ஏ.ஆர்.டி. மருத்துவரிடம் சொல்லுங்கள், ஏனென்றால் அடாசனாவிர் அதன் அளவை ஏற்றிவிடும். பின்னால் காசநோய் வந்து ரிஃபாம்பிசின் தொடங்கினால் நேர்மாறாக இறக்கிவிடும்; உடம்பு முறுக்கும், பையன் மறுபடி ஊசியைத் தேடுவான். ரிஃபாம்பிசின் போடும்போது டோலுடெக்ராவிரும் ஒரு வேளைக்குப் பதில் இரு வேளை வேண்டும். இதையெல்லாம் மருத்துவர் சரிசெய்ய முடியும், உண்மையைச் சொல்லியிருந்தால்.

முதல் நாள் நீங்களும் கூடப் போங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் எச்.ஐ.வி. பற்றி 1097-லும், போதை மீட்பு பற்றி 14446-லும் கட்டணமில்லாமல் கேட்கலாம். போகும்போது அவர் போடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும், மருந்துக்கடையில் வாங்கியவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.