எந்தத் தட்டு நல்ல தட்டு?

ஐயா, ஒரே படத்தின் பாட்டுத் தட்டு என்னிடம் இரண்டு இருக்கின்றன. ஒன்று கொல்கத்தா டம்டம் ஆலையில் அச்சான பழையது, மற்றது 180 கிராம் மறுபதிப்பு. முதற்பதிப்புதான் எப்போதும் மேல் என்கிறார் கொழும்பு வியாபாரி. எனக்கும் பழையதே உயிரோட்டமாகக் கேட்கிறது. புதியதை விற்றுவிடலாமா?
– ஒரு வாசகர், ஹட்டன்

அன்புள்ள தம்பி,

இதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. ஆனால் இரண்டையும் எவ்வளவு சத்தத்தில் வைத்துக் கேட்டீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லையே!

180 கிராமை விடுங்கள், எடை ஒலியைத் தீர்மானிக்காது. வியாபாரி சொன்னதையும் விடுங்கள், அவருக்கு விற்க வேண்டும்.

முதலில் இரண்டையும் கழுவுங்கள். உங்கள் ஊர் ஈரத்துக்கு உறைக்குள் பூஞ்சணம் பிடிக்கும். காய்ச்சி வடித்த நீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மென்துணியால் பள்ளம் ஓடும் வட்டத்திலேயே துடைத்து, வெறும் நீரால் அலசி, நிமிர்த்தி உலர்த்துங்கள். லேபல் நனையக்கூடாது. (வீட்டில் நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய அரக்குத் தட்டு இருந்தால் அதில் ஸ்பிரிட் படவே விடாதீர்கள், அரக்கு கரைந்துவிடும்.)

இனி சத்தம். ஒரு தட்டு அரை டெசிபல், ஒரு டெசிபல் கூடுதலாக ஒலித்தாலே போதும், காது அதைச் ‘சத்தம் கூட’ என்று சொல்லாது, ‘தெளிவு’, ‘உயிர்’ என்றுதான் சொல்லும். எத்தனை பேர் இதில் விழுகிறார்கள்! கைபேசியில் ஒலி அளக்கும் செயலியை ஒரே இடத்தில் வைத்து, பாட்டின் ஒரே வரியை இரண்டு தட்டிலும் அளந்து, வால்யூம் குமிழில் சமப்படுத்துங்கள். குமிழ் நிற்க வேண்டிய இரண்டு இடங்களையும் பென்சிலால் குறித்துவையுங்கள்.

பிறகு தங்கையையோ நண்பனையோ கூப்பிட்டு, நாணயம் சுண்டி வந்தபடி தட்டை மாற்றச் சொல்லுங்கள். நீங்கள் முதுகைக் காட்டி உட்காருங்கள். ஊசியை இறக்கும்போது சத்தம் முழுக்கக் குறைந்திருக்கட்டும், பாட்டு நடுவில்தான் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் தொடக்கத்துப் பொரிச்சத்தமே பழைய தட்டைக் காட்டிக்கொடுத்துவிடும். 10 முறை கேட்டு, எந்தத் தட்டு என்று எழுதுங்கள். 7 சரி என்றால் துள்ள வேண்டாம். வெறும் ஊகத்திலேயே ஆறு பேரில் ஒருவருக்கு அவ்வளவாவது கிடைக்கும். 9 என்றால் நம்பலாம், ஊகத்தில் அது நூற்றில் ஒருவருக்குத்தான் வாய்க்கும்.

அப்போதும் உங்களிடம் இருக்கும் அந்த இரண்டு தட்டுகளைப் பற்றித்தான் தெரிந்துகொண்டீர்கள். ஒரே அச்சு வார்ப்பில் முதலில் வந்த தட்டும், வார்ப்பு தேய்ந்தபின் வந்த தட்டும் ஒன்றுபோல் ஒலிக்காது. தட்டில் கீறியிருக்கும் வார்ப்பு எண் (மேட்ரிக்ஸ் எண்) ஒன்றாகவே இருந்தாலும் அப்படித்தான். முதற்பதிப்பு மேல் என்று சொல்ல, அதே பதிப்பில் இன்னும் இரண்டு மூன்று தட்டாவது கேட்டிருக்க வேண்டும்.

விற்பதைப் பிறகு பார்ப்போம். லேபலைச் சுற்றியுள்ள வெற்றிடத்தில் கீறியிருக்கும் அந்த எண்களை வெளிச்சத்தில் சாய்த்துப் படித்து, இரண்டு தட்டினதையும் எழுதி அனுப்புங்கள். உங்கள் 10 விடைகளையும், தவறியவற்றோடு சேர்த்து.